சாலையைக் கடப்பது: பாதசாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாலையைக் கடப்பது கால் வேலை மட்டுமல்ல, கணக்கு வேலையும்கூட. வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, நான் மறுபக்கம் போய்ச் சேர எத்தனை விநாடி ஆகும், ஓட்டுநருக்கு நான் தெரிகிறேனா என்ற நான்கையும் சில விநாடிகளில் போட்டுப் பார்த்தாக வேண்டும். நடந்து போகிறவர்கள் சிக்கும் விபத்துகளில் பெரும்பாலானவற்றில் இந்த நான்கில் ஏதோ ஒன்று பிசகியிருக்கும்.

ஜேவாக்கிங் என்று எதைச் சொல்கிறார்கள்?

விதிக்கும் போக்குவரத்துக்கும் கட்டுப்படாமல் கண்ட இடத்தில், கண்ட நேரத்தில் சாலையில் இறங்குவதை. பாதசாரி சிக்னலில் சிவப்பு மனிதன் எரியும்போது நடப்பது, பக்கத்திலேயே ஜீப்ரா கிராசிங் இருக்க நடுவழியில் புகுவது, சாலையை நடுவில் பிரிக்கும் மீடியனின் கம்பியைத் தாண்டிக் குதிப்பது, நாற்சந்தியை மூலைக்கு மூலை குறுக்காக வெட்டுவது, நிற்கும் வண்டிகளுக்கு இடையிலிருந்து திடீரென வெளியே வருவது எல்லாம் இதில் சேரும்.

கடவை, அதாவது பாதசாரிகள் கடக்கவென்று ஒதுக்கிய இடம், இல்லாத இடத்தில் கடப்பதெல்லாம் ஜேவாக்கிங் ஆகிவிடாது. சுற்றுவட்டாரத்தில் கடவையே இல்லை என்றால், வண்டிகளுக்கு வழிவிட்டு, இடைவெளி பார்த்துக் கடக்கப் பல நாட்டுச் சட்டங்கள் அனுமதிக்கின்றன.

இது சட்டப்படி குற்றமா?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1925-ல் கொண்டுவந்த போக்குவரத்து விதிகள் பாதசாரிகளைக் கடவைக்குள் அடக்கின. மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின. இப்போது அதே நாட்டில் காற்று திசை மாறியிருக்கிறது. 2023 தொடக்கம் முதல் கலிஃபோர்னியாவில், மோதல் நேரும் உடனடி ஆபத்து இருந்தாலொழிய போலீஸ் இதற்காக யாரையும் நிறுத்த முடியாது. நியூயார்க் நகரமும் 2024-ல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. பிரிட்டனில் மோட்டார்வே எனப்படும் அதிவேகச் சாலை போன்றவற்றைத் தவிர்த்தால் பொதுவாக இப்படியொரு குற்றமே கிடையாது. ஜெர்மனியில் சிவப்பு விளக்கில் நடந்தால் சிறிய அபராதம் உண்டு.

1968-ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 20-வது பிரிவு பாதசாரிகளுக்கானது. கடப்பது பற்றி அது சொல்வதன் சாரம் இதுதான்: அருகில் கடவை இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும், வரும் வண்டிகளின் தூரத்தையும் வேகத்தையும் கணக்கில் எடுக்காமல் இறங்கக் கூடாது, இறங்கிய பின் தேவையில்லாமல் சுற்றியோ நின்றோ நேரத்தை இழுக்கக் கூடாது. உங்கள் ஊரில் அபராதம் இருக்கிறதோ இல்லையோ, நடைமுறையில் இதைவிடச் சுருக்கமான விதி கிடைக்காது.

ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டால் பிரேக் போட்டுவிடுவாரே, பிறகென்ன?

பிரேக் போடுவார். ஆனால் வண்டி உடனே நிற்காது. பார்ப்பது, ஆபத்து என்று மூளைக்கு உறைப்பது, கால் பெடலுக்குப் போவது ஆகியவற்றுக்குச் சாதாரணமாக ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியும் வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் டயர் தரையைப் பிடித்து வேகம் குறையத் தொடங்கும்.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் உள்ள காருக்குக் கணக்குப் போட்டால், 30 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 17 முதல் 18 மீட்டர், 50 கி.மீ. வேகத்தில் 35 மீட்டர், 60-ல் 45 மீட்டர், 80-ல் கிட்டத்தட்ட 70 மீட்டர். சாலை நனைந்திருந்தால் 50 கி.மீ. வேகத்துக்கே 45 மீட்டர் வேண்டும். தேய்ந்த டயர், பாரம் ஏற்றிய லாரி, கூட்டம் நிற்கும் பஸ் என்றால் இன்னும் கூடும். காற்று பிரேக் உள்ள கனரக வண்டிகளில் பெடலை மிதித்த பிறகும் பிரேக் பிடிக்கச் சிறு தாமதம் உண்டு.

இதை ஒரு காட்சியில் வைத்துப் பாருங்கள். ஒரு காருக்கு 25 மீட்டர் முன்னால் ஒருவர் சாலையில் இறங்குகிறார். கார் 30-ல் வந்தால் அவரைத் தொடுவதற்கு ஏழெட்டு மீட்டர் முன்பே நின்றுவிடும். 40-ல் வந்தால் மெதுவாக இடிக்கும். 50-ல் வந்தால்? ஓட்டுநரின் கால் பெடலைத் தொடுவதற்குள்ளேயே சுமார் 21 மீட்டர் போயிருக்கும். மீதி நான்கு மீட்டரில் பிரேக் பிடித்து, 40 கி.மீ.க்குச் சற்று மேலான வேகத்தில் மோதும். ஓட்டுநரின் கவனம் மூன்றிலும் ஒன்றுதான். மாறியது வேகம் மட்டுமே.

எந்த வேகத்தில் மோதினால் உயிருக்கு ஆபத்து?

அமெரிக்காவில் 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மோதும் நேரத்து வேகம் மணிக்கு 37 கி.மீ. என்றால் அடிபட்டவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார், 51-ல் நால்வரில் ஒருவர், 68-ல் பாதிப்பேர். முதியவர்களுக்கு இதே ஆபத்து குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். உயரமான முன்பக்கம் கொண்ட எஸ்யூவி, லாரி மோதும்போது அடி காலில் விழாமல் இடுப்பு, மார்பு, தலையில் விழுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் உலகம் முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கும் மேல் நடந்துபோனவர்கள், சைக்கிளில் போனவர்கள், இருசக்கர வண்டியில் போனவர்கள். அதாவது சுற்றிலும் தகடு இல்லாதவர்கள்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் கடக்கலாம்?

முதலில் உங்களுக்கு எத்தனை விநாடி வேண்டும் என்று தெரிய வேண்டும். திடமாக நடக்கும் பெரியவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார். முதியவரோ, முட்டிவலி உள்ளவரோ, சுமையோடு போகிறவரோ 0.8 மீட்டர்தான் போவார். ஒரு வழித்தடம் சுமார் மூன்றரை மீட்டர் அகலம். ஆக இரண்டு வழித்தடச் சாலை 7 மீட்டர்: திடமானவருக்கு 6 விநாடி, முதியவருக்கு 9 விநாடி. இதோடு தலையைத் திருப்பி, காலை எடுத்து வைக்க 2 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள்.

8 விநாடியில் 40 கி.மீ. வேக வண்டி சுமார் 90 மீட்டர் வந்துவிடும். 60 என்றால் 130 மீட்டருக்கு மேல். 80 என்றால் 180 மீட்டர். மீடியன் இல்லாத நான்கு வழித்தடச் சாலையில் 60 கி.மீ. வேகம் என்றால் வண்டி 230 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் கார் ஒரு புள்ளியாகத் தெரியும். "தூரத்தில்தானே வருகிறது" என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில் பாதித் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது. விநாடியை எண்ண முடியும். தள்ளி இருக்கும் ஒரு கம்பத்தையோ மரத்தையோ குறியாக வையுங்கள். ஒரு வண்டி அதைக் கடக்கும்போது நிதானமாக எண்ணத் தொடங்கி, உங்கள் முன்னால் வரும்வரை எண்ணுங்கள். ஆறு வந்தால், உங்களுக்கு எட்டு தேவை என்றால், அந்தக் குறி போதாது; எட்டு வரும் அளவுக்கு இன்னும் தள்ளி ஒரு குறியைத் தேடுங்கள், அதற்கு இந்தப் பக்கம் எந்த வண்டி இருந்தாலும் இறங்கக் கூடாது. தினமும் கடக்கும் சாலையில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் போதும், பிறகு கண்ணுக்கே பழகிவிடும்.

பைக் விஷயத்தில் மட்டும் கூடுதலாக யோசியுங்கள். உருவம் சிறியதாக இருப்பதால் அது உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகவும், மெதுவாக வருவதாகவும் தோன்றும்.

கடவையே இல்லாத இடத்தில் எப்படிக் கடப்பது?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வளைவு, மேட்டின் உச்சி, பாலத்தின் ஏற்றம், நிறுத்திய வண்டிகளின் வரிசை ஆகியவற்றிலிருந்து விலகி, இரு பக்கமும் நீளமாகத் தெரியும் இடத்துக்கு நடந்து போங்கள். நடுவில் மீடியன் இருந்தால், அதில் நிற்க முறையான திறப்பு உள்ள இடம் இன்னும் நல்லது. சாலையை இரண்டு சிறிய சாலைகளாகப் பிரித்துத் தருகிறது. இரவில் தெருவிளக்கின் கீழே.

நடைபாதையின் விளிம்புக்கு ஓரடி உள்ளே நில்லுங்கள். சாலையில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்ப்பது, ஓரமாக ஒட்டி வரும் பைக்குக்கும் பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் தலையைக் கொடுப்பது போன்றது. முதலில் உங்களுக்கு அருகில் இருக்கும் வழித்தடத்தில் வண்டி வரும் பக்கம் பாருங்கள்: வண்டிகள் இடதுபக்கம் ஓடும் நாட்டில் அது உங்கள் வலது, வலதுபக்கம் ஓடும் நாட்டில் உங்கள் இடது. பிறகு மறுபக்கம். மறுபடியும் முதல் பக்கம். வெளிநாடு போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், பழக்கத்தில் தலை தப்பான பக்கம் திரும்பிவிடும். ஒருவழிச் சாலையிலும் எதிர்த்திசையைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

இடைவெளி கிடைத்ததும் நேர்க்குறுக்காக நடங்கள். சாய்வாக நடந்தால் தூரமும் கூடும், ஒரு பக்கம் முதுகைக் காட்டியபடி போக வேண்டியும் வரும். 7 மீட்டர் சாலையை 45 பாகை சாய்வில் கடந்தால் கிட்டத்தட்ட 10 மீட்டர் நடக்கிறீர்கள். ஓடாதீர்கள், ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் இடைவெளி போதவில்லை என்று பொருள். நடக்கும்போதும் தலை இரு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கட்டும்.

பாதி சாலையில் வண்டி வந்துவிட்டால் பின்னால் திரும்பலாமா?

கூடாது. விபத்துக்கு மிக அதிகமாக வழி செய்யும் அசைவு இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஓட்டுநரின் இடத்திலிருந்து பாருங்கள். நீங்கள் ஒரே வேகத்தில் முன்னால் நடந்துகொண்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு விநாடியில் தன் பாதையை விட்டு நீங்கிவிடுவீர்கள் என்று அவர் கணக்குப் போட்டு, உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும் வெற்றிடத்தை நோக்கி ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பிவிட்டார். அந்த நேரத்தில் நீங்கள் பயந்து இரண்டடி பின்வாங்கினால், அவர் தேர்ந்தெடுத்த இடத்துக்கே போய் நிற்கிறீர்கள். மறுபடி திட்டத்தை மாற்ற அவருக்கு நேரமில்லை. முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று ஆடினால் நிலைமை இன்னும் மோசம். அவர் எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாமல் போகும்.

வேகத்தை மாற்றாமல் நேராகப் போய்ச் சேருங்கள். உண்மையாகவே போக முடியாது என்றால், இரு வழித்தடங்களைப் பிரிக்கும் கோட்டின் மேல் அசையாமல், வண்டி வரும் பக்கம் முகம் காட்டி நில்லுங்கள். அசையாதவரைச் சுற்றிப் போவது ஓட்டுநருக்கு எளிது. கூட்டமாகக் கடக்கும்போது ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுப்பதும், "வா வா", "வேண்டாம் வேண்டாம்" என்று ஆளுக்கொன்று கத்துவதும் இதே தடுமாற்றத்தைத்தான் உண்டாக்கும். யார் சொல்லி இறங்குவது என்பதை ஓரத்தில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜீப்ரா கிராசிங்கில் நடந்தால் பாதுகாப்புதானே?

உரிமை உண்டு. பெயிண்டுக்கு வண்டியை நிறுத்தும் சக்தி இல்லை. வண்டி வேகம் குறைவதை டயரிலும் முன்பக்கம் தாழ்வதிலும் கண்ணால் பார்த்த பிறகு இறங்குங்கள். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிக் காட்டுவது உதவும். அது நீங்கள் கடக்கப்போகிறீர்கள் என்ற அறிவிப்பு மட்டுமே, கட்டளை அல்ல.

பல வழித்தடச் சாலையில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் வழித்தடத்தில் ஒரு பஸ்ஸோ வேனோ உங்களுக்காக நின்று, அதன் ஓட்டுநர் "போங்க" என்று கையும் காட்டுகிறார். நன்றி சொல்லும் தோரணையில் தலையசைத்துவிட்டு நடக்கிறீர்கள். அடுத்த வழித்தடத்தில் வருகிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நின்ற வண்டி உங்களை மறைத்திருக்கிறது. அது ஏன் நிற்கிறது என்றும் அவருக்குத் தெரியாது, ஒதுங்கிக்கொண்டு முன்னேறுகிறார். நின்ற வண்டியின் மறு ஓரத்தை எட்டியதும் நில்லுங்கள். தலையை மட்டும் நீட்டி அடுத்த வழித்தடத்தைப் பார்த்து, அங்கே வருவதும் நின்றால்தான் அடுத்த அடி. கை காட்டியவர் தன் வண்டிக்கு மட்டும்தான் பொறுப்பேற்க முடியும்.

பச்சை மனிதன் எரியும்போதும் ஏன் பார்க்க வேண்டும்?

திரும்பும் வண்டிகளுக்காக. பல சந்திப்புகளில் உங்களுக்குப் பச்சை எரியும் அதே நேரத்தில் பக்கத்துச் சாலையிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் அனுமதி இருக்கும். திரும்பும்போது ஓட்டுநரின் கண் எதிர்வரும் வண்டிகளில் இருக்கும், கடவையில் இருக்காது. போதாததற்கு, முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண் ஒரு ஆளை முழுசாக மறைக்கும். நீங்கள் நடக்கும் வேகமும் வண்டி திரும்பும் வேகமும் ஒத்துப்போனால், பல விநாடிகள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருப்பீர்கள். ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு மின்னத் தொடங்கினால் புதிதாக இறங்கக் கூடாது. ஏற்கெனவே இறங்கியவர்கள் முடித்துக்கொள்ளலாம். இறங்கு எண் காட்டும் சிக்னலிலும் அதே பொருள்தான்: அந்த எண் முடிப்பதற்கு மிச்சமிருக்கும் நேரம். 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடி வேண்டும். பலகையில் 8 எரிந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள். இந்த நேரத்தை வைப்பவர்களும் ஒரு சராசரி நடைவேகத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் போக்குவரத்து சிக்னல் கையேட்டில் அது விநாடிக்கு 4 அடியாக இருந்து, 2009-ல்தான் 3.5 அடியாகக் குறைந்தது. அதற்கும் மெதுவாக நடப்பவர்கள் பச்சை புதிதாக விழும் நொடியில் கிளம்ப வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னால் கடக்கலாமா?

வேண்டாம். பஸ் கிளம்பிப் போகட்டும்.

பஸ்ஸின் ஓரத்தைத் தாண்டி அடுத்த வழித்தடத்தின் நடுவுக்கு வர உங்களுக்கு ஒன்றரை மீட்டர், அதாவது ஒன்றேகால் விநாடி போதும். முந்திச் செல்லும் ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக்கைத் தொடவே ஒன்றரை விநாடி ஆகும். ஆக, அவர் பிரேக் போடுவதற்கு முன்பே மோதல் நடந்து முடிந்திருக்கும். இந்த வகை விபத்தில் பிரேக் தடமே இல்லாமல் போவது அதனால்தான். நிறுத்தியிருக்கும் லாரி, குப்பைத் தொட்டி, விளம்பரப் பலகை எதன் பின்னாலிருந்து வந்தாலும் இதே கணக்கு.

லாரி, டிப்பர் அருகில் எதைக் கவனிக்க வேண்டும்?

அதன் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன் பம்பரை ஒட்டி நடந்தால், அதுவும் குழந்தையாகவோ குள்ளமானவராகவோ இருந்தால், அவருக்கு நீங்கள் தெரிய வழியே இல்லை. சிக்னலில் நிற்கும் லாரிக்கும் முன் வண்டிக்கும் இடையே புகுவது இதனால்தான் ஆபத்து. பச்சை விழுந்ததும் அவர் கிளம்பிவிடுவார். பின்பக்கமும் கண்ணுக்கு எட்டாத பகுதிதான். வெள்ளை விளக்கு எரிந்தால், பீப் சத்தம் கேட்டால், பின்னோக்கி வரப்போகிறது.

நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முனையில் நடைபாதை விளிம்பை ஒட்டி நிற்பவரின் மேலேயே ஏறும். முன்பகுதி உங்களைத் தாண்டிவிட்டது என்று நிம்மதி அடையாமல், இரண்டு மூன்று அடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள்.

இரவில் எனக்கு வண்டி நன்றாகத் தெரிகிறதே?

உங்களுக்குத் தெரிவது ஹெட்லைட். அவருக்கு நீங்கள் தெரிவதில்லை. லோ பீமில், அதாவது ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைத்திருக்கும்போது, கருப்பு உடை போட்டவர் சுமார் 30 மீட்டரில்தான் கண்ணில் படுவார். 60 கி.மீ. வேகத்தில் நிற்க 45 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் மோதுகிறார், வேறு வழியில்லாமல்.

வெளிர் நிற உடை ஓரளவுக்கு உதவும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டைதான் பெரிய வித்தியாசம் காட்டும். நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே மின்னும். அதை மார்பில் மட்டும் ஒட்டினால் ஏதோ ஒரு பலகை என்று நினைத்துவிடலாம். கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் நடக்கும்போது அது மேலும் கீழும் அசையும். "ஆள் நடக்கிறான்" என்று மூளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். லோ பீம் வெளிச்சமும் தாழ்வாகத்தான் விழுகிறது. எதுவும் இல்லாவிட்டால் மொபைல் டார்ச்சைத் தரையை நோக்கி ஆட்டிக்கொண்டே போங்கள். ஓட்டுநர் முகத்தில் அடிக்காதீர்கள்.

எதிரெதிரே இரு வண்டிகள் வரும்போது நடுக்கோட்டில் நிற்பவர் இரண்டு ஹெட்லைட்டின் கூச்சத்தில் மறைந்தே போவார். எனவே இரவில் பாதிவரை போய் நிற்கும் உத்தி வேண்டாம். இரு பக்கமும் காலியாகும்வரை ஓரத்திலேயே இருங்கள். மழையில் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடிப்பதும் அப்படித்தான், பார்க்க வேண்டிய பக்கத்தையே மறைத்துவிடும்.

நடைபாதை இல்லாத சாலையில் எந்தப் பக்கம் நடப்பது?

எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி. இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் சாலையின் வலது ஓரம், வலதுபக்கம் ஓட்டும் நாட்டில் இடது ஓரம். முதுகுக்குப் பின்னால் வருவதிலிருந்து ஒதுங்க முடியாது, முகத்துக்கு நேரே வருவதிலிருந்து முடியும். ஒருவர் பின் ஒருவராக நடங்கள். நீங்கள் நடக்கும் ஓரம் வளைவின் உட்பக்கமாக அமைந்து, வருகிறவருக்கு நீங்கள் தெரிய வழியில்லை என்றால், வளைவுக்கு முன்பே மறுபக்கம் மாறி, தாண்டியதும் திரும்பி வாருங்கள்.

போனும் இயர்போனும் அவ்வளவு ஆபத்தா?

திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பவர் மெதுவாக, கோணலாக நடக்கிறார். மேலே நாம் போட்ட விநாடிக் கணக்கு அத்தனையும் தப்பிப்போகிறது. பேச வேண்டியிருந்தால் ஓரத்தில் நின்று பேசி முடியுங்கள். இயர்போனைப் பொறுத்தவரை, கடக்கும் அந்த அரை நிமிடம் இரண்டு காதும் காலியாக இருக்கட்டும்.

மின்சார வண்டிகள் வந்த பிறகு காதை மட்டும் நம்பவும் முடியாது. அவை மெதுவாகப் போகும்போது சத்தமே வராது. அதற்காகவே ஐ.நா.வின் 138-ம் எண் விதிமுறை செயற்கை ஒலி எழுப்பும் கருவியைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்சாரக் கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். பழைய வண்டிகளில் இருக்காது. நிறுத்துமிடங்களில் நடக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

குழந்தை எந்த வயதில் தனியாகக் கடக்கலாம்?

வயதைவிடத் திறமைதான் அளவு. இருந்தாலும் பத்து வயதுக்குள் தனியாக விடாமலிருப்பது நல்லது. சிறு குழந்தையால் வேகமாக நெருங்கும் வண்டியின் வேகத்தைப் பிரித்தறிய முடிவதில்லை. உயரமும் போதாது, நிற்கும் காரின் பானெட்டே அதன் பார்வையை மறைத்துவிடும். பந்து ஓடினால் பின்னாலேயே ஓடும்.

விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், விரல் வழுக்கிவிடும். நடைபாதையில் குழந்தை உட்பக்கமும் நீங்கள் சாலைப்பக்கமும். கடக்கும்போது "இப்ப போகலாமா, ஏன்?" என்று ஒவ்வொரு முறையும் அதையே சொல்ல வையுங்கள், பதில் தொடர்ந்து சரியாக வரும்போதுதான் கையை விடும் பேச்சு. சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு குழந்தையைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். தள்ளுவண்டியை முதலில் சாலையில் இறக்கிவிட்டு இடைவெளி தேடுவதும் கூடாது. காத்திருக்கும்போது அது விளிம்புக்கு இணையாக, பிரேக் போட்டு நிற்கட்டும்.

பார்வையற்றவருக்கு உதவுவதானால் கேட்டுவிட்டு உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நடை மேம்பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஏறி இறங்கியே ஆக வேண்டுமா?

அகலமான, வேகமான சாலை என்றால், ஆமாம். மீடியன் கம்பி வளைக்கப்பட்ட இடத்தில் புகுந்து போவது மிக மோசமான தேர்வு; வண்டி ஓட்டுகிறவர் அங்கே ஆளை எதிர்பார்ப்பதே இல்லை.

ஆனால் நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கம்பியைத் தாண்டுகிறார்கள் என்றால், அத்தனை பேருக்கும் ஒழுக்கம் இல்லை என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். நிறுத்தம் ஓரிடத்திலும் கடவை வேறிடத்திலும் அமைந்திருக்கும். சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்க வைப்பார்கள். படிக்கட்டு முட்டிவலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்கும் பயன்படாது. மக்கள் கடக்கும் இடத்துக்குக் கடவையைக் கொண்டுவருவதும், நடுவில் நிற்கத் திட்டு போடுவதும், வேகத்தைக் குறைக்க வைப்பதும்தான் தீர்வு. சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதும்போது இடம், நேரம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, ஒரு படம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். "ஆபத்தாக இருக்கிறது" என்ற ஒற்றை வரி மனு நகராது.

நான் தவறான இடத்தில் கடந்து அடிபட்டால் பழி முழுக்க என் மேல்தானா?

பெரும்பாலான சட்டங்களில் அப்படி இல்லை. ஓட்டுநருக்கு எப்போதும் கவனமாக ஓட்டும் கடமை உண்டு. பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிநூல், அதிகச் சேதம் விளைவிக்கக் கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்று வரிசைப்படுத்துகிறது. அதே சமயம், பாதசாரியின் கவனக்குறைவும் காரணம் என்று நிரூபணமானால் நீதிமன்றம் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்கலாம். திடீரென இறங்கியவரைத் தவிர்க்கப் போய் பைக்கில் வந்தவர் விழுந்தால், அந்தப் பொறுப்பு உங்கள் பக்கமும் வரலாம்.

அடிபட்டவரைக் கண்டால் உடனே என்ன செய்வது?

முதலில் நீங்கள் இரண்டாவது ஆளாக விழாமல் பாருங்கள். வண்டி வரும் திசையில் ஒருவரை நிறுத்தி, ஹசார்ட் விளக்கு (நான்கு மூலையிலும் மின்னும் எச்சரிக்கை விளக்கு) எரியும் ஒரு வாகனத்தைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். அவசர எண்ணுக்கு அழைக்கும்போது சாலைப் பெயர், அருகில் உள்ள அடையாளம், எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். ஊர் எண் தெரியாவிட்டால் 112 போடுங்கள். பெரும்பாலான மொபைல்களில் அது உள்ளூர் அவசரச் சேவைக்குப் போகும்.

நெருப்போ, மறுபடி மோதும் ஆபத்தோ இல்லாதவரை அவரைத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். கழுத்தெலும்பும் முதுகெலும்பும் உடைந்திருக்கலாம். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள், நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. தண்ணீர் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சிக்கல், மயக்கத்தில் புரையேறவும் செய்யும்.

எழுந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று கிளம்புகிறவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள். தலைக்குள் ரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம். அன்று இரவு பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வண்டி எண்ணையும் சாட்சிகளின் தொடர்பையும் இடத்திலேயே குறித்து, வண்டி நின்ற நிலை மாறுவதற்குள் இரண்டு மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.